சீட்டும் கட்டமும்: சீக்வென்ஸ் ஆட்டத்தின் அமைப்பு குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வியும் எல்லையும்

வீட்டில் உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களை ஒரே வரிசையில் நிறுத்தினால் ஒரு கோடியில் பரமபதமும் மறுகோடியில் ஆடுபுலி ஆட்டமும் நிற்கும். பரமபதத்தில் ஆடுகிறவர் முடிவெடுக்க எதுவுமில்லை. விழுந்த எண்ணுக்குக் காய் ஏறும், பாம்பு கொத்தினால் இறங்கும். ஆடுபுலியில் தற்செயலுக்கு வேலையே கிடையாது. ஆட்டம் தெரிந்த பெரியப்பா புதிதாகக் கற்ற பையனை எத்தனை முறை வேண்டுமானாலும் தோற்கடிக்கலாம். பத்தாவது முறை பையன் எழுந்து போய்விடுவான். இரண்டுக்கும் நடுவில் நிற்பது தாயம். என்ன எண் விழும் என்பது நம் வசத்தில் இல்லை. விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது என்பது நம் வசம்.

அமெரிக்காவில் உருவாகி இன்று பல நாட்டு வீடுகளில் ஆடப்படும் சீக்வென்ஸ், கருவிகளால் வேறுபட்டாலும் அமைப்பால் தாயத்தின் பக்கம் சேர்வது. தாயக்கட்டையின் இடத்தில் சீட்டுக்கட்டு. விதிகளைச் சொல்லிக்கொடுக்கக் கால் மணி நேரம் போதும். பெட்டியில் 7 வயது முதல் ஆடலாம் என்று போட்டிருப்பது மிகையில்லை. இத்தனை எளிய ஆட்டத்தில் யோசிக்க என்ன இருக்கிறது, அந்த யோசனைக்கான இடத்தை உண்டாக்குவது எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சீட்டு இங்கே அதிர்ஷ்டத்தைக் கொண்டுவருகிறது என்பதுதான் வழக்கமான பதில். அது பாதி உண்மை. சீட்டின் முதல் வேலை தேர்வைக் குறுக்குவது. அதிர்ஷ்டம் அதன் பின்னால் வருவது. இதைப் பலகையின் அமைப்பிலிருந்தும் சிறு கணக்குகளிலிருந்தும் காட்ட முயல்கிறேன்.

2. தோற்றமும் கருவிகளும்

ஆட்டத்தை உருவாக்கியவர் டக் ராய்ட்டர். அவர் முதலில் வைத்த பெயர் ‘சீக்வென்ஸ் ஃபைவ்’. 1981-இல் ஜாக்ஸ் என்ற நிறுவனத்துக்குத் தயாரிப்பு உரிமை கொடுத்தார். 1982-இல் கடைகளுக்கு வந்தது.

பெட்டிக்குள் இருப்பவை: 10-க்கு 10 கட்டங்கள் கொண்ட பலகை, ஜோக்கர் இல்லாத இரண்டு சீட்டுக்கட்டுகள், அதாவது 104 சீட்டுகள், நீலம் 50, பச்சை 50, சிவப்பு 35 எனக் காய்கள். பலகையின் நான்கு மூலைகளும் பொது. அவற்றை யாரும் தம் காய் இருப்பதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். மீதி 96 கட்டங்களில் ஜாக்கிகள் தவிர்த்த 48 சீட்டுகளும் இரண்டிரண்டு முறை அச்சிடப்பட்டிருக்கும்.

முறை வரும்போது கையிலிருந்து ஒரு சீட்டைப் போட்டு, பலகையில் அதே சீட்டுள்ள இரண்டு கட்டங்களில் காலியான ஒன்றில் காய் வைத்து, கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். கிடையாகவோ நெடுக்காகவோ மூலைவாட்டிலோ ஐந்து காய்கள் சேர்ந்தால் ஒரு தொடர். இருவர் அல்லது இரண்டு அணிகள் ஆடினால் இரண்டு தொடர்கள் வேண்டும். மூன்று தரப்பு என்றால் ஒன்று போதும். இருவர் ஆடும்போது ஆளுக்கு ஏழு சீட்டு. ஆட்கள் கூடக்கூடக் கை சிறுக்கும். 12 பேர் ஆடினால் ஆளுக்கு மூன்றே சீட்டு.

சீட்டுக்கட்டைக் கண்டாலே முகம் சுளிக்கிற வீடுகளிலும் இந்தப் பெட்டி தடையின்றி நுழைந்துவிடுகிறது. பந்தயப் பணம் இல்லை என்பது ஒரு காரணம். பலகையும் காயும் உடனிருப்பதால் சீட்டு இங்கே ‘சீட்டாட்டம்’ என்ற பேரை வாங்கிக்கொள்வதில்லை என்பது இன்னொன்று.

3. பலகை: ஒரு சுருள்

பலரும் நினைப்பதுபோல் இந்தப் பலகையில் சீட்டுகள் கலைத்துப்போட்ட மாதிரி கிடப்பதில்லை. வழக்கமான பலகையின் மேல் இடது மூலையில் விரலை வைத்து வலப்பக்கமாக நகர்த்திப் பாருங்கள். இஸ்பேடு 2, 3, 4 என்று 9 வரை போகும், மூலை வரும், வலது ஓரத்தில் இறங்கும்போது இஸ்பேடு 10, ராணி, ராஜா, ஏஸ். அதைத் தொட்டு டைமன் 2. கீழ் ஓரம் முழுக்க டைமன். இடது ஓரத்தில் மேலே ஏறும்போது கிளாவர், இந்த முறை ஏஸிலிருந்து இறங்குவரிசையில். ஓரம் தீர்ந்ததும் விரல் இரண்டாம் சுற்றுக்குள் நுழையும்: கிளாவர் மீதி, பிறகு ஆர்ட்டின் ஏஸ் முதல் 2 வரை. அத்துடன் 48 சீட்டும் ஒருமுறை முடிந்துவிடும். நிற்காமல் அதே வரிசை மறுபடியும் தொடங்கி உள்ளே உள்ளே சுற்றி, பலகையின் நட்டநடுவில் ஆர்ட்டின் 2-இல் முடிகிறது. பலகை முழுவதும் ஒரே சுருள்.

இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன.

முதலாவது, ஒவ்வொரு சீட்டுக்கும் வெளிப்பக்கம் ஓர் இடமும் உள்பக்கம் ஓர் இடமும் அமைகின்றன. ஒரு சீட்டைப் போடுவது என்று முடிவான பிறகும் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அந்த இரண்டு இடங்களும் சமமானவை அல்ல. பலகையில் ஐந்து கட்டத் தொடர் அமையக்கூடிய வழிகளை எண்ணலாம்: கிடையாக 60, நெடுக்காக 60, மூலைவாட்டில் 72, ஆக 192. நடுவிலுள்ள நான்கு கட்டங்களில் ஒவ்வொன்றும் இவற்றில் 20 வழிகளில் பங்கேற்கிறது. மேல் ஓரத்தில் மூலையை ஒட்டியிருக்கும் இஸ்பேடு 2-க்குக் கிடைப்பது நான்கே வழி. ஒரே சீட்டுக்குள்ளேயே இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். ஆர்ட்டின் 2-ஐ நடுவில் வைத்தால் 20 வழி. கீழிருந்து இரண்டாவது வரிசையில் உள்ள அதன் இன்னொரு கட்டத்தில் வைத்தால் ஏழு.

இரண்டாவது, நான்கு இனங்களும் பலகையில் ஒரே மதிப்புள்ளவையாக இல்லை. சுருளின் போக்கினால் ஆர்ட்டின் ஒன்றுகூட விளிம்பில் வருவதில்லை. இஸ்பேடு ஒன்றுகூட முதல் இரண்டு சுற்றுகளைத் தாண்டி உள்ளே வருவதில்லை. நடுவிலுள்ள நான்கு கட்டங்களும் ஆர்ட்டின் 2, 3, 4, 5. பல சீட்டாட்டங்களில் மதிப்பில்லாத சின்ன எண்கள் இங்கே பலகையின் இதயத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பெரிய சீட்டையே தேடிப் பழகிய கை முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, அடுத்தடுத்த எண்கள் அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கின்றன. கையில் ஒரே இனத்தில் நான்கைந்து தொடர் எண்கள் வந்தால், ரம்மியில் மகிழ்வதுபோலவே இங்கும் மகிழலாம். குறிப்பாக இஸ்பேடு 2, 3, 4, 5 நான்கும் இருந்தால் மூலையைச் சேர்த்து ஒரு தொடர் கையிலேயே முடிந்திருக்கிறது. மூலையைப் பயன்படுத்தும் இத்தகைய நான்கு காய்த் தொடர்கள் 192-இல் 12 மட்டுமே. இரண்டு தொடர்கள் ஒரு கட்டத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற விதியையும் சேர்த்துப் பார்த்தால், இருவர் ஆட்டத்தை வெல்லக் குறைந்தபட்சம் எட்டுக் காய்கள் வேண்டும். அதற்குக் கீழே வழியில்லை. மேல் வரிசை முழுவதையும் பிடிப்பது அப்படிப்பட்ட ஒரு வெற்றி: இரு மூலைகளும் இலவசம், நடுவில் இஸ்பேடு 2 முதல் 9 வரை எட்டுக் காய்கள். காகிதத்தில் அழகாக இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் ஆறாவது காயின்போதும் தூங்கிக்கொண்டிருந்தால் நடக்கும்.

4. கை: குறுக்கப்பட்ட தேர்வு

ஐந்து காய்களை வரிசையாகச் சேர்க்கும் ஆட்டம் பழமையானது. ஜப்பானில் கோமோக்கு என்ற பெயரில் கோ பலகையில் ஆடுகிறார்கள். அதில் சீட்டு இல்லை. காலியான எந்த இடத்திலும் கல்லை வைக்கலாம். 1990-களில் நெதர்லாந்து ஆய்வாளர் விக்டர் ஆலிஸ், 15-க்கு 15 பலகையில் கூடுதல் தடைவிதிகள் இல்லாமல் ஆடினால் முதலில் தொடங்குபவர் பிழையில்லாமல் ஆடி எப்போதும் வெல்ல முடியும் என்று கணினியின் துணையோடு நிறுவினார். முழுச் சுதந்திரம் கொடுத்தால் இந்த வகை ஆட்டம் முதல் கல்லிலேயே சாய்ந்துவிடுகிறது. குடும்ப ஆட்டமாக அதற்கு இன்னொரு குறையும் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட காலி இடங்களைப் பார்த்து எங்கே வைப்பது என்று திகைக்கும் குழந்தைக்கும், நாலு அடி முன்னால் யோசிக்கும் அண்ணனுக்கும் இடையே போட்டியே இருக்காது.

சீக்வென்ஸ் அந்த ஆட்டத்தின் மேல் ஒரு சல்லடையை வைக்கிறது. பலகையில் 96 காலிக் கட்டங்கள் இருக்கலாம். கையில் ஏழு சீட்டு இருப்பவர் யோசிக்க வேண்டியவை, ஜாக்கி (அதன் தனி வேலை ஐந்தாம் பகுதியில்) இல்லாவிட்டால், அதிகம் போனால் 14 கட்டங்கள். இதில் சில ஏற்கெனவே நிரம்பியிருக்கும். பதினான்கை ஒரு குழந்தை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துவிட முடியும். பெரியவருக்கும் அதே பதினான்குதான். அனுபவசாலிக்கு இன்னும் அனுகூலம் உண்டு, ஆனால் ஆடுபுலியில் இருப்பதைப்போல் அது நசுக்குகிற அளவில் இல்லை.

சல்லடையின் மறுபக்கம், எதிராளிக்கும் அதே தடை. கோமோக்குவில் ஒருபக்கம் மட்டும் திறந்த நான்கு கல்லைக் கண்டால் யாரும் ஓடிப்போய் அடைத்துவிடலாம். இங்கே அடைப்பதற்கும் சீட்டு வேண்டும். என்னிடம் நான்கு காய் சேர்ந்திருக்கிறது, ஐந்தாவது கட்டத்துக்கான சீட்டும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருவர் ஆட்டம், தொடக்கக் கட்டம், என் ஏழு சீட்டு தவிர மற்ற 97-உம் எனக்குத் தெரியாது. அந்தச் சீட்டின் மறுபிரதி எதிராளியின் ஏழில் ஒன்றாக இருக்க வாய்ப்பு 7 விழுக்காடு சொச்சம். எட்டு ஜாக்கிகளையும் சேர்த்தால், என்னைக் கெடுக்கக்கூடிய ஒன்பது சீட்டில் ஒன்றாவது அவரிடம் இருக்க வாய்ப்பு ஏறத்தாழ பாதி. ஜாக்கியைச் செலவழிக்காமல் பதுக்கும் ஆளாக இருந்தால் பாதிக்கும் மேல். அச்சம் வரவேண்டியது ஜாக்கியிடம். மறுபிரதியிடம் அவ்வளவாக இல்லை.

அதே நான்கு காய் சேர்ந்து, ஐந்தாவதற்கான சீட்டு கையில் இல்லாவிட்டால்? அடுத்து எடுக்கும் ஒரு சீட்டு அதுவாகவோ எங்கும் வைக்கக்கூடிய ஜாக்கியாகவோ இருக்க வாய்ப்பு 97-இல் ஆறு. இதை அறியாத புதியவர்கள் பலகையில் நான்கைக் கட்டிவிட்டுச் சீட்டுக்காகக் காத்திருப்பார்கள். எதிராளி அதற்குள் நிதானமாகத் தேடி அடைத்துவிடுவார்.

ஒரு கையை எடுத்துப் பார்ப்போம். ஆர்ட்டின் 2, ஆர்ட்டின் 5, இஸ்பேடு 2, 3, 5, கிளாவர் ராணி, கிளாவர் ஜாக்கி. கிளாவர் ஜாக்கியை எந்தக் காலிக் கட்டத்துக்கும் பயன்படுத்தலாம். எனவே இஸ்பேடு 2, 3, 5 மூன்றையும் மேல் ஓரத்தில் வைத்து, இஸ்பேடு 4-க்கு ஜாக்கியைப் போட்டால் மூலையோடு ஒரு தொடர் தயார். நான்கே முறை. அவசரக்காரர் இஸ்பேடு 2-இல் தொடங்குவார். மூலையை ஒட்டி ஒரு காய் விழுந்தால் அதற்கு நான்கே வழிகள்தான் உண்டு என்பதால் நோக்கம் உடனே வெளிப்பட்டுவிடும். எதிராளியிடம் இஸ்பேடு 4-இன் இரு பிரதிகளில் ஒன்றாவது இருக்க வாய்ப்பு சுமார் 14 விழுக்காடு. இருந்தால், அதை உள்பக்கக் கட்டத்தில் வைக்காமல் ஓரத்தில் வைக்கச் சொல்லிக்கொடுத்தது நாமாக இருப்போம். இஸ்பேடு 5-இல் தொடங்குவது மேல். விளிம்பின் நடுப்பகுதியில் விழும் அந்தக் காய்க்கு எட்டு வழிகள்; இடமா வலமா கீழா என்று தெரியாது. இன்னும் பொறுமைசாலி ஆர்ட்டின் 5-ஐயும் 2-ஐயும் நடுவில் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து எதிராளியின் கண்ணை அங்கே இழுப்பார். இரண்டு முறை தாமதமாகும், ஆனால் அந்தக் காய்கள் வீணல்ல. இரண்டாவது தொடருக்கு அடித்தளம் அவைதான். என் சாய்வு இந்த மூன்றாவது வழிக்கு. ஆனால் எதிராளி கை நிறைய ஆர்ட்டின் வைத்திருந்தால் நடுவைத் திறந்துகொடுத்த பழியும் நம்மையே சேரும்.

கையில் ஒரே சீட்டின் இரு பிரதிகளும் வந்துவிட்டால் அது ஒரு சிறிய சொத்து. அந்த இரண்டு கட்டங்களுக்கும், ஜாக்கி ஒன்றைத் தவிர, வேறு யாரும் வர முடியாது. இதைக் கடைசிவரை வைத்திருப்பதா, முன்கூட்டியே போட்டுவிடுவதா என்பதில் ஆட்டக்காரர்களின் குணம் தெரியும். இதற்கு நேர்மாறாக, ஒரு சீட்டின் இரு கட்டங்களும் நிரம்பிவிட்டால் கையிலுள்ள அந்தச் சீட்டு செத்த சீட்டு. தன் முறையில் அதைக் காட்டிக் கழித்து வேறொன்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடரலாம். ஒரு முறைக்கு ஒன்று மட்டும்.

5. ஜாக்கிகள்: சல்லடையின் ஓட்டை

ஜாக்கிகளுக்குப் பலகையில் இடமில்லை. ஆங்கிலேய முறைச் சீட்டில் இஸ்பேடு, ஆர்ட்டின் ஜாக்கிகள் பக்கவாட்டில் திரும்பி நிற்பதால் ஒரு கண் மட்டும் தெரியும். டைமன், கிளாவர் ஜாக்கிகளுக்கு இரு கண்ணும் தெரியும். சீட்டில் முன்பே இருந்த இந்தச் சித்திர வேறுபாட்டை விதியாக்கியிருக்கிறது ஆட்டம். இரட்டைக்கண் ஜாக்கி எந்தக் காலிக் கட்டத்துக்கும் செல்லும். ஒற்றைக்கண் ஜாக்கி எதிராளியின் ஒரு காயைத் தூக்கிவிடும். முடிந்துவிட்ட தொடரிலிருந்து தூக்க முடியாது. தூக்கிய அதே முறையில் அங்கே தன் காயை வைக்கவும் முடியாது. தனிச் சீட்டு எதுவும் அச்சடிக்காமல் இரண்டு வகை ஆயுதங்களைப் படைத்த சிக்கனம் பாராட்டத்தக்கது.

இருவர் ஆட்டத்தில் முதல் ஏழு சீட்டில் ஏதாவது ஒரு ஜாக்கி இருக்க வாய்ப்பு 44 விழுக்காடு. இரட்டைக்கண் ஜாக்கி இருக்க 25 விழுக்காடு. ஆகவே தொடக்கத்திலேயே ஒருவர் பலமாகவும் மற்றவர் வெறுங்கையாகவும் இருப்பது சாதாரணம். ஆட்டத்தில் அதிர்ஷ்டம் உண்மையிலேயே குடியிருக்கும் இடம் இதுதான். மற்ற 96 சீட்டுகள் தேர்வைக் குறுக்குகின்றன. இந்த எட்டு மட்டும் தேர்வைத் திறந்துவிடுகின்றன.

ஒற்றைக்கண் ஜாக்கியை எதிராளி நான்கு சேர்த்த பிறகு கடைசி நிமிடத்தில் போடுவதே பெரும்பாலோர் வழக்கம். இரண்டு தொடருக்கும் பொதுவாக ஒரே காய் தாங்கி நிற்கும் நேரத்தில், மூன்று மூன்றாக இருக்கும்போதே அந்தக் காயைத் தூக்குவது கூடுதல் சேதம் செய்யும். ஒரு சீட்டுச் செலவில் இரண்டு கோடுகள் உடைகின்றன. காலியான கட்டத்துக்கு அவரிடம் மறுபிரதி இருக்கிறதா என்பதை இதுவரை போட்ட சீட்டுகளைப் பார்த்துக் கணிக்கலாம். போட்ட சீட்டுகள் முகம் தெரியக் கிடப்பதால் எண்ணத் தெரிந்தவருக்கு ஆட்டத்தின் பின்பாதி ஏறக்குறையத் திறந்த புத்தகம்.

6. அணியும் வாயும்

நான்கு பேர் இரண்டு அணியாக, மாறி மாறி உட்கார்ந்து ஆடும்போது வேறொரு ஆட்டம் பிறக்கிறது. கூட்டாளியின் கை நமக்குத் தெரியாது. அவர் வைக்கும் காய் மட்டுமே அவர் பேசும் பேச்சு. விதிப்படி ஜாடை காட்டுவதோ எச்சரிப்பதோ கூடாது. ‘அங்கே பாரு’ என்று யாராவது வாய்விட்டால் அந்த அணியிலுள்ள எல்லோரும் ஒரு சீட்டைக் கழிக்க வேண்டும். தண்டனை விதிகளில் இவ்வளவு சிரிப்பையும் சண்டையையும் கிளப்புவது வேறில்லை. இருமலும் தொண்டைச் செருமலும் ஜாடையா இல்லையா என்ற வழக்கு பலகையைவிட நீளமாகப் போகும்.

யாழ்ப்பாணத்தில் 304 ஆடுபவர்களுக்குக் கூட்டாளியின் மனத்தைச் சீட்டிலிருந்து வாசிப்பது புதிதல்ல. சீக்வென்ஸில் அந்த வாசிப்பு பலகைக்கு மாறுகிறது. கூட்டாளி ஒரு மூலையை விட்டு இன்னொரு பக்கம் காய் வைத்தால், மூலைக்கான மீதிச் சீட்டு அவரிடம் இல்லை, நீ முயன்று பார் என்று அதற்குப் பொருள். தொடர்ந்து ஒரே கோட்டை வளர்த்தால் தொடாதே, என்னிடம் இருக்கிறது.

சீட்டு எடுக்க மறந்தால் உரிமை போய்விடும் என்ற விதியும் உண்டு: அடுத்தவர் ஆடித் தன் சீட்டையும் எடுத்துவிட்டால், மறந்தவர் ஆட்டம் முடியும்வரை ஒரு சீட்டுக் குறைவாகவே ஆட வேண்டும். தாத்தா பாட்டியோடு ஆடும்போது இதைத் தள்ளிவைப்பது நல்லது.

7. குறைகள்

ஆடுவோர் எண்ணிக்கையில்தான் ஆட்டத்தின் பெரிய பலவீனம். மூன்று தரப்பு ஆடும்போது ஒரு தொடர் முடிந்தால் வெற்றி என்பதால், ஒருவரைத் தடுக்கும் பொறுப்பை மற்ற இருவரும் ஒருவர்மேல் ஒருவர் தள்ளிவிடுவார்கள். தடுக்காமல் விட்டவர் வெற்றியாளரைத் தேர்ந்தெடுத்தவர் ஆகிவிடுகிறார். 12 பேர் ஆட்டத்தில் கைக்கு மூன்று சீட்டு; தேர்வு ஆறு கட்டங்களுக்குள். தன் முறை மறுபடி வருவதற்குள் பதினோரு காய்கள் விழுந்து பலகையின் முகமே மாறியிருக்கும். திட்டம் போட வழியில்லாமல் சல்லடை முழுக்க அடைபட்டுவிடுகிறது. பெட்டியில் 12 பேர் என்று அச்சிட்டிருந்தாலும் என் கணிப்பில் இது இரண்டு அல்லது நான்கு பேருக்கான ஆட்டம். ஆறு பேர் வரை தாங்கும்.

சீட்டு எடுப்பதில் தேர்வே இல்லாதது இன்னொரு குறை. ஆலன் மூன் வடிவமைத்து 2004-இல் வெளியான ‘டிக்கெட் டு ரைட்’ ரயில்பாதை ஆட்டத்தில் ஐந்து சீட்டுகள் எப்போதும் முகம் தெரியக் கிடக்கும். வேண்டியதை எடுக்கலாம், அல்லது கட்டிலிருந்து குருட்டாம்போக்கில் எடுக்கலாம். எடுப்பதும் ஒரு முடிவாகிறது. சீக்வென்ஸில் எடுப்பது வெறும் கைவேலை. வேண்டுமானால் வீட்டில் மூன்று சீட்டைத் திறந்துவைத்து ஆடிப் பார்க்கலாம். ஆனால் எதிராளி எதை எடுத்தார் என்பது வெளியே தெரிந்துவிடுவதால், நான்காம் பகுதியில் சொன்ன ஒளித்தல் கலை அந்த அளவுக்குச் சுருங்கும். பெரியவர்கள் மட்டும் ஆடும்போது அந்த மாற்றம் எனக்கு உவப்பில்லை; சின்னப் பிள்ளைகள் கலந்த ஆட்டத்தில் தாராளமாகச் செய்யலாம்.

கருவியிலும் குறை உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படுபவர்கள், குறிப்பாக ஆண்களில், கணிசமான பேர். மூன்று அணி ஆட்டத்தில் பலகை அவர்களுக்குக் குழம்பிவிடும். சிவப்புக் காய்களின் மேல் நிரந்தர மையால் ஒரு பெருக்கல் குறி போட்டுவைத்தால் போதும். முப்பத்தைந்து காய்க்கும் பத்து நிமிடம் ஆகும்.